திருகோணமலையில் மலை ஏது? டிரெயில் ஓட்டத்துக்கு இங்கேயே பழகலாமா?

ஆகஸ்ட் 2, இரவு 9.10 (கேள்வி)

அண்ணை, ரோட்டில் 10 கி.மீ. தூரத்தை 58 நிமிடத்தில் ஓடி முடிப்பன். வாற வருஷம் மலைநாட்டில் 30 கி.மீ. டிரெயில் ஓட்டம் (மலை, காட்டு மண்பாதையில் ஓடுவது) ஒன்றுக்குப் போக ஆசை. மொத்த ஏற்றம் 1,500 மீட்டராம். திருகோணமலையில் இருந்துகொண்டு இதுக்குப் பழக ஏலாது என்றுதான் எனக்குப் படுது. மலையே இல்லை, உள்ளதெல்லாம் மணலும் வெயிலும். கண்டிப் பக்கம் போய் இரண்டு மாசம் நின்றால்தான் சரிவரும். பிழையென்றால் சொல்லுங்கோ.

ஆகஸ்ட் 2, இரவு 10.40

பாதி சரி, தம்பி. மலை இல்லை என்பது உண்மை. ஏலாது என்பது பிழை.

முதலில் கிலோமீட்டரை மறவுங்கோ. டிரெயிலில் தூரம் ஒன்றும் சொல்லாது. சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கத்தின் கணக்கில் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கி.மீ. கூட்ட வேணும். உங்கட 30 கி.மீ. 1,500 மீட்டர் ஏற்றத்தோடு 45 ஆகும். ரோட்டு வேகத்தை வைத்து 3 மணி நேரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீங்கள். முதல் தடவை ஐந்தரை, ஆறு மணி நேரம் காலில் நிற்கத் தயாராக வேணும். ஆகவே பயிற்சியையும் நிமிடத்தில் எழுதுங்கோ.

கிழமைக்கு நாலு நாள் போதும். செவ்வாய் 45 நிமிடம் மெதுவாக. வியாழன் ஏற்ற இறக்கம். வெள்ளி அல்லது சனி 30 நிமிடம் இன்னும் மெதுவாக. ஞாயிறு நீள ஓட்டம், 70 நிமிடத்தில் தொடக்கம். மெதுவாக என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேணும். வசனம் நடுவில் அறுந்தால் வேகம் கூடிப்போச்சு. மணிக்கூட்டைப் பாராமல் குறையுங்கோ. ஏற்றத்தில் மூச்சு அறுந்தால் நடவுங்கோ. செங்குத்தான ஏற்றத்தில் நல்ல ஓட்டக்காரரும் தொடையில் கை ஊன்றி நடந்துதான் போவார்கள்.

கிழமை மொத்தத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதீங்கோ.

மணலை மலைக்குப் பதிலாகப் பாவிக்கலாம்.

ஆகஸ்ட் 3, காலை 6.50

மணலைப் பற்றி விரித்துச் சொல்ல வேணும், ஏனென்றால் எங்கட ஆக்கள் பிழையாகத் தொடங்குவது அதில்தான். உப்புவெளிக் கரையில் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் குதிக்கால் நரம்பைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

இளகிய மணலில் ஓட உறுதியான தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி போகும். மிதிக்கும்போது கால் புதையும், தள்ளும்போது மணல் பின்னுக்கு ஓடும். இரண்டிலும் உழைப்பு வீண். குதி கீழே இறங்குவதால் கெண்டைக்காலும் குதிக்கால் நரம்பும் வழக்கத்தைவிடக் கூட இழுபடும். 45 நிமிட ஓட்டத்தில் முதல் இரண்டு கிழமை 10 நிமிடம் மட்டும் மணல், அதுவும் நடுப்பகுதியில். பிறகு கிழமைக்கு 5 நிமிடம் கூட்டுங்கோ.

அலை நனைத்த இறுகிய பட்டை ஓடச் சுகமாக இருக்கும், ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். ஆகவே போன தூரத்தையே திரும்பி வாங்கோ, அப்போது சரிவு மற்றக் காலுக்கு மாறும். ஒரு பக்கம் ஓடிவிட்டு ஓட்டோவில் திரும்பினால் முழங்கால் வெளிப்பக்கம் நோவெடுக்கும்.

இன்னொன்று. வற்று நேரம் பார்த்து ஓடச் சொல்லும் அறிவுரை வேறு நாட்டுக் கடலுக்கு எழுதியது. எங்கட கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பட்டை அகலமா ஒடுக்கமா என்பதை அலைதான் தீர்மானிக்கும். வாடைக் காலத்தில் அலை செடிவரை ஏறிவிடும், பட்டையே இராது.

வெறுங்காலோடு வேண்டாம். தூண்டில் முள்ளும் போத்தல் உடைசலும் மணலுக்குள் கிடக்கும்.

ஆகஸ்ட் 3, காலை 7.05

கரைவலையை விட்டுவிட்டேன். விடியக்காலை வலை இழுக்கும்போது கயிறு கடலிலிருந்து மேட்டு மணல்வரை நீண்டு கிடக்கும். தொய்ந்து கிடக்கிறதென்று தாண்டப் போனால் அடுத்த இழுப்பில் முழங்கால் உயரத்துக்கு எழும். இருட்டில் லைட் வெளிச்சத்திலும் அது மணல் நிறமாகவே தெரியும். இழுக்கிற ஆக்களுக்குப் பின்னால், தென்னைப் பக்கமாகச் சுற்றிப் போங்கோ. அது அவர்களுடைய வேலையிடம்.

ஆகஸ்ட் 9, மாலை 5.30

ஒரு வாசகர் கேட்டது: “இந்தக் கச்சான் காற்றுக்குள் மனுசன் ஓடுவானா?”

ஓடலாம், நேரம் பார்த்து. விடிய 4.45க்குத் தொடங்கி 6.30க்கு முடியுங்கோ. மாலையில் தார் ரோட்டும் மண்ணும் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பி விடும், ஆகவே விடியல்தான் நல்லது. உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அந்த நாட்களில் வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தாலும், பகல் முழுக்க ஏசி அறையில் வேலை என்றால் நீங்கள் பழகாத ஆள்தான்.

எவ்வளவு வியர்க்கிறது என்று ஒரு தடவை அளவுங்கோ. ஓட முன்னம் உடுப்பில்லாமல் நிறை பாருங்கோ. ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கோ. 62.0 கிலோ 60.9 ஆகி, இடையில் அரை லீட்டர் குடித்திருந்தால், போனது 1.6 லீட்டர். இதை முழுக்கத் திருப்பிக் குடிக்க முயலாதீங்கோ. மணிக்கு 400 முதல் 800 மி.லீ. வரை, தாகத்துக்கு ஏற்ப. ஓடி முடிந்தபின் நிறை கூடியிருந்தால் அது ஆபத்து. தண்ணீர் கூடி இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். தலையிடி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் எல்லாம் வரும். அதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

வெயில் தாக்கினால்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டதுக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். அந்த நிமிடமே நிழலில் கிடத்தி, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கோ. 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கோ. குளிர்விப்பது முதல் வேலை, ஏற்றிக்கொண்டு போவது இரண்டாவது.

ஆகஸ்ட் 10, காலை 8.15

“செவ்விளநீர் போதாதா அண்ணை?”

தாகத்துக்கு நல்லது. உப்புக்குப் போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஒரு லீட்டர் இளநீரில் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் கணக்குச் சரியாகும்.

ஜீவனியையும் கேட்டிருந்தீங்கள். அது வயிற்றோட்டத்துக்கான கரைசல். உலக சுகாதார நிறுவன அளவுப்படி லீட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும். உப்புக்கு நல்லது, சாப்பாடாக உதவாது. 90 நிமிடத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேணும். சின்னக் கதலிப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம். 10 கிராம் பனங்கட்டியில் 9 கிராமளவு. பனங்கட்டியைப் பாக்கு அளவில் வெட்டி, பொலித்தீனில் தனித்தனியாகச் சுற்றுங்கோ. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டினால் ஓடும்போது பிரிக்க ஏலாது. எள்ளுருண்டை வேண்டாம், எண்ணெய் கூட, வயிற்றில் நின்றுகொள்ளும்.

20 நிமிடத்துக்கு ஒரு கடி. பசிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும்.

ஆகஸ்ட் 17, இரவு 9.20 (திருத்தம், முக்கியம்)

முதல் நாள் எழுதிய இரண்டு விஷயத்தைத் திருப்பி எடுக்கிறேன்.

ஒன்று, “கிழமை மொத்தம் 10 சதவீதம்” என்ற விதி. எல்லாரும் சொல்வதால் எழுதினேன். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் 532 புது ஓட்டக்காரரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த விதிப்படி ஓட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: காயம் இரு பக்கமும் 20 சதவீதத்தையொட்டி, வித்தியாசமே இல்லை. 2025இல் வந்த இன்னொரு ஆய்வு 5,200 பேரளவில் பார்த்தது. அதில் ஆபத்தைக் கூட்டியது கிழமை மொத்தமல்ல, தனி ஓட்டம். கடந்த 30 நாளில் ஓடிய மிக நீள ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் பாய்ந்தவர்களுக்குத்தான் காயம் கூடியது.

ஆகவே பார்க்க வேண்டிய எண் ஒன்றே: கடந்த 30 நாளில் உங்கட நீள ஓட்டம் எவ்வளவு? அதை 1.1 ஆல் பெருக்குங்கோ. அதுதான் இந்த ஞாயிற்றுக்கான மேல் எல்லை. அந்த ஆய்வு தூரத்தை அளந்தது. எங்கட மணலிலும் சூட்டிலும் நேரத்துக்கு வைப்பதே பொருத்தம் என்பது என் முடிவு.

70 நிமிடத்தில் தொடங்கினால்: 77, 85, 93, பிறகு ஒரு கிழமை 60க்கு இறக்கம். அடுத்து 102, 112, 124, திரும்ப இறக்கம். இப்படி நாலு மணி நேரத்துக்கு வர 13 ஏற்றப் படி, நாலு இறக்கக் கிழமை, மொத்தம் 17 கிழமை. அவசரப்பட இடமில்லை, ஆனால் எட்டாத தூரமுமில்லை. ஆறு மணி நேரம் ஓடிப் பழக வேண்டியதில்லை. நாலு வந்தால் மிச்சத்தை நடையும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு, “மணலை மலைக்குப் பதிலாக” என்றது. மணல் ஏற்றத்துக்கு ஓரளவு பதிலாகும். இறக்கத்துக்கு ஆகாது. கடற்கரையில் மட்டும் பழகியவரை மலைநாட்டில் விழுத்துவது ஏற்றமில்லை, இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழகாத தசை நார் அதில் கிழிந்து, இரண்டு மூன்று நாள் படி இறங்க ஏலாமல் நோகும். மணலில் அந்தப் பிரேக் வேலை கிட்டத்தட்ட இல்லை.

ஆகஸ்ட் 18, காலை 6.30

அப்போ இறக்கத்துக்கு எங்கே போவது?

90 விநாடி ஏறக்கூடிய சரிவு ஏதாவது போதும். ஓர்ஸ் ஹில் ஒழுங்கைகளில் கிடைக்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் சுவாமி மலை ரோட்டிலும் கிடைக்கும், ஆனால் விடியக்காலை மட்டும், மான்கள் குறுக்கே வரும் என்பதை நினைவில் வைத்து. கோணேசர் கோயில் வாசலுக்கு நெடுந்தூரம் முன்பே திரும்புங்கோ. பூசைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவது சரியில்லை.

ஒரு தடவைக்கு 20 மீட்டர் உயரம் என்றால் 10 தடவைக்கு 200 மீட்டர். மெதுவாக ஏறி, இறக்கத்தில் கவனத்தை வையுங்கோ. சின்ன எட்டு, வேகமான கால் மாற்றம், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்து, பார்வை மூன்று நாலு மீட்டர் முன்னால். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் குதியால் ஊன்றினால் வழுக்கும், தொடைக்கும் இரட்டிப்பு அடி. முதல் நாள் 4 தடவை மட்டும். நோ வரும், வரட்டும். அது ஆறியபின் தசை வாரக்கணக்கில் பாதுகாப்போடு நிற்கும். அதனால் 10 நாளைக்கு ஒரு தடவை செய்தாலே பலன் உண்டு.

சரிவே கிடைக்காதவர் வீட்டுப் படியைப் பாவிக்கலாம். 20 செ.மீ. உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணி இறக்கி நிலத்தைத் தொட்டு ஏறுங்கோ. காலுக்கு 10, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். முழங்கால் உள்ளே சரியாமல் பாருங்கோ. சரிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கோ.

ஆகஸ்ட் 31

சப்பாத்து பற்றி ஏழு பேர் கேட்டாச்சு. பிராண்ட் சொல்ல மாட்டேன். நீள விரலுக்கு முன் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேணும். மாலையில், கால் வீங்கியபின் போட்டுப் பாருங்கோ. இந்தப் பக்கத்துக் காய்ந்த மண்ணுக்கு அடிப் பல்லு 3 முதல் 4 மி.மீ. போதும். சேற்றுக்கும் மலைநாட்டு ஈரத்துக்கும் 5 மி.மீ. அடியில் மெல்லிய தகடு உள்ளதை எடுத்தால் உடைமர முள் ஏறாது. அது இங்கே முக்கியம். மேல் வலை அகலமாக இருந்தால் மணல் உள்ளே போகும், அரை மணியில் கொப்புளம். நெருக்கமான வலை பாருங்கோ, பருத்திக் காலுறை வேண்டாம். தேங்காயெண்ணெய் பூசுவது பழக்கம்தான், ஆனால் சூட்டில் உருகி ஓடிவிடும். வாசலின் நின்று பிடிக்கும்.

இறக்கத்தில் நகம் முட்டினால் சப்பாத்து சின்னன் என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். மேல் கடைசி இரண்டு துளையிலும் கயிற்றை வளையமாகப் போட்டு எதிர்க் கயிற்றை அதற்குள்ளால் இழுத்துக் கட்டுங்கோ. குதி அசையாது, விரல் முன்னுக்குப் போகாது.

செப்டெம்பர் 7, இரவு 8.00

ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: மூன்று மாதமாக ஓடுகிறாவாம், நிறை குறைந்ததில் சந்தோசமாம், ஆனால் மாதவிடாய் இரண்டு தடவை தள்ளிப்போச்சாம், தாடை எலும்பில் ஓரிடம் தொட்டால் நோகுதாம்.

தங்கச்சி, அந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. ஓட்டத்துக்குக் காணாத சாப்பாடு. உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பு பலவீனமாகும். தசைநோ பரவலாக இருக்கும், ஓடச் சூடேறினால் குறையும். எலும்புநோ விரல் நுனி அளவு இடத்தில், ஒற்றைக் காலில் துள்ளினால் குத்தும், இரவிலும் இருக்கும். அது உள்ளவர் இன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேணும். மாதவிடாய் தவறியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கோ, இரும்புச் சத்தும் பார்க்கக் கேளுங்கோ. ஓட்டம் எங்கும் போகாது.

(மேலே “தாடை” என்பதை முகத்துத் தாடை என்று விளங்கி ஒருவர் கேள்வி போட்டிருக்கிறார். முழங்காலுக்குக் கீழ் முன் எலும்பு. கணைக்கால் எலும்பு என்று எழுதியிருக்க வேணும்.)

செப்டெம்பர் 21

நாய். கரையிலும் குளக்கட்டிலும் கூட்டமாக வரும். ஓட்டத்தை நிறுத்தி, நேராக நின்று, முதுகைக் காட்டாமல் மெல்ல விலகுங்கோ. கல் எடுக்கக் குனிந்தாலே பெரும்பாலும் பின்வாங்கும். கடித்தால், தோல் கீறினாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நோ மாத்திரை விழுங்கிவிட்டு நீள ஓட்டம் போகும் பழக்கம் பற்றியும்: ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் வேண்டாம். தண்ணீர் குறைந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

அக்டோபர் 5, காலை 9.40

கன்னியாவுக்கு அங்கால், கந்தளாய்ப் பக்கக் குளக்கட்டு, காட்டுப்பாதை பற்றிக் கேட்டவர்களுக்கு. மண் அருமை: கிறவல், வேர், மாட்டுவண்டித் தடம், டிரெயிலுக்கு வேண்டிய எல்லாம். ஆனால் மூன்று விதி, பேரம் இல்லை.

யானை உள்ள பக்கத்தில் விடியலுக்கு முன்னும் மாலை 4க்குப் பின்னும் ஓட வேண்டாம். புதுப் பிண்டமோ முறிந்த கொப்போ கண்டால் வந்த வழியே திரும்புங்கோ. காதில் பாட்டு கூடாது.

ஊர்ச் சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) நிற்கும் இடத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. மாடு போன தடம் என்பது ஆதாரமில்லை.

தனியாகப் போவதென்றால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கோ. அரை மணி பிந்தினால் யாரைக் கூப்பிடுவது என்பதையும்.

விழுந்த மரத்தைத் தாண்டிக் குதிக்காதீங்கோ. மேலே ஏறி நின்று, மற்றப் பக்கம் பார்த்து இறங்குங்கோ. பாம்பு படுப்பது அந்த நிழலில்தான். கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, தூக்கிக்கொண்டு போக வேணும்.

அக்டோபர் 26, மாலை 6.15

மழை தொடங்கியாச்சு. நவம்பர், டிசம்பரில் நீள ஓட்டம் அறுந்துபோகும் என்று கவலைப்படுகிறவருக்கு: 30 நாள் கணக்கு இங்கேதான் உதவும். இரண்டு கிழமை விட்டாலும் பழைய நீள ஓட்டம் கணக்குக்குள் நிற்கிறது. ஆனாலும் முதல் ஓட்டத்தை அதற்கு மேல் போகாமல், பாதியில் வையுங்கோ. 30 நாள் தாண்டினால் பழைய எண்ணை அழித்துவிட்டு, இப்போது ஓடக்கூடியதிலிருந்து தொடங்குங்கோ. மூன்று மணி நேரம் ஓடினவன் என்ற நினைப்பில் தைமாதம் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறவர்கள்தான் மாசியில் கட்டுப்போட்டு நிற்கிறார்கள்.

வயல் வெள்ளத்துக்குள் காயத்தோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல். பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீருக்குள் ஓடியதை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீங்கோ. சல்லிப் பக்கம் முகத்துவாரம் வெட்டி ஓடும்போது முழங்கால் ஆழம் போலத் தெரியும், அடி மணல் இழுபட்டுப்போகும். கடக்காமல் திரும்பி, சாம்பல்தீவுப் பாலத்தால் போங்கோ.

நவம்பர் 2, இரவு 8.50 (கேள்வி கேட்ட தம்பி)

அண்ணை, நேற்று 2 மணி 15 நிமிடம். கடைசி அரை மணி நேரம் தொடை கல்லுமாதிரி. ஏற்றம் 10 தடவை செய்த நாளுக்கு அடுத்த நாள் ஓடினது. இது சரியா? சாமானும் என்னென்ன வேணும் என்று சொல்லுங்கோ.

நவம்பர் 2, இரவு 9.35

நேரம் சரி, நாள் பிழை. இறக்கப் பயிற்சிக்கும் நீள ஓட்டத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள் விடுங்கோ. வியாழன் செய்தால் ஞாயிறு. கல்லுமாதிரி ஆனது முந்தின நாள் பிரேக் வேலை. அடுத்த ஞாயிறு 2 மணி 15 நிமிடத்தையே திரும்ப ஓடுங்கோ, கூட்ட வேண்டாம். அது இலகுவாக முடிந்தால் அதற்கடுத்தது 2 மணி 28.

சாமான்: ஒன்றரை லீட்டர் தண்ணீர், 6 மணி நேரத்துக்கு 250 கிராமளவு மாச்சத்து, உப்பு, விசில், லைட் இரண்டு (ஒன்று கட்டாயம் அணையும்), பிளாஸ்டர், சார்ஜ் நிறைந்த போன். நாங்கள் எல்லாரும் மறப்பது ஒன்று: மழை புகாத மெல்லிய சட்டை. மலைநாட்டில் விடியலில் 12, 13 பாகைக்கு இறங்கும், நனைந்து நின்றால் எங்கட உடம்புக்கு அது கடும் குளிர். அட்டை பிடித்தால் இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தை வைத்து வழித்து விடுங்கோ.

அந்தச் சட்டையையும் பையையும் இப்பவே வாங்கி, முழுப் பாரத்தோடு மூன்று நீள ஓட்டம் இங்கேயே ஓடுங்கோ. எந்த வார் தோளை உரசுது, எந்தப் போத்தல் குலுங்குது என்று உப்புவெளியில் தெரிந்தால் வீட்டுக்கு வந்து தைத்துக்கொள்ளலாம்.